ஸ்க்ரூவில் கலையாத சந்தனம்

என் ஸ்கேட்போர்டை நீங்கள் திறந்து பார்க்கவே இல்லை. திறந்து பார்த்தோம், உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது, ஓட்டியவர் பிரேக் போடவே இல்லை என்று எழுதினீர்கள். மூன்றும் பொய். உங்கள் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று படித்ததும் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

இது நடந்தது போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மேட்டுச் சாலையில். நான் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிக்கிற காலத்தில் ஸ்கேட்டிங் ஆடியவள். பள்ளியில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேறு ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

பள்ளிக்குப் போகிற டவுன் பஸ்ஸை நம்பி நான் பட்ட பாடு போதும் என்று ஓர் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு வாங்கினேன். பார்க்காதவர்களுக்கு: நீளமான பலகை, அடியில் நான்கு சக்கரம், பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், பலகையின் வயிற்றில் பேட்டரி. கையில் ஒரு ரிமோட் இருக்கும். அதில் உள்ள சின்னத் திருகைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் ஓடும். பின்னால் இழுத்தால் பிரேக். அவ்வளவுதான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, புடவையை விட்டுவிட்டு டிராக் பேண்ட்டில், நான் சாலையோரமாகப் போவதைப் பார்த்து ஊரே கொஞ்ச நாள் சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. பிள்ளைகள் எனக்குப் 'பலகை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் வீடு மேட்டுக்குக் கீழே. மேட்டின் உச்சியில் என் கணவரின் லேத் பட்டறை. பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறார். பட்டறையைத் தாண்டிப் போனால் பள்ளி. ஆக, காலையில் நான் மேடு ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைப் போல வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆள் இல்லை. என்னிடம் பேசும்போது தவிர அவர் வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. பட்டறைக்கு வருகிற பூனையைக்கூட 'அப்பால போங்க' என்றுதான் விரட்டுவார். ஆனால் ஆயுத பூஜை என்றால் பிடிவாதக்காரர். பட்டறையில் உள்ள ஒவ்வொரு மிஷினையும் தானே துடைத்து, ஒரு போல்ட் விடாமல் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைப்பார். வீட்டில் ஓடுகிற, சுற்றுகிற சாமான் எல்லாம் அன்றைக்குப் பட்டறைக்குப் போயாக வேண்டும். தையல் மிஷின், மிக்ஸி, ஸ்கூட்டர், எல்லாம். இன்னொரு பழக்கமும் உண்டு. பூஜைக்கு வைக்கிற எதுவும் குறையாக இருக்கக் கூடாது. வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோல், ஆயில் கேனில் கழுத்து வரை ஆயில், தண்ணீர்த் தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம்.

போர்டுக்கும் அதே மரியாதை. ஈரத்துணியால் துடைத்தார். கழுவவில்லை, துடைத்தார். கவிழ்த்துப் போட்டு, அடி மூடியில் உள்ள ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் மோதிர விரலால் சந்தனம் வைத்தார். சார்ஜரில் போட்டுப் பச்சை விளக்கு எரிகிற வரை வைத்திருந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நான் போட்டோ எடுத்தேன். பூஜை போட்ட சாமானை அன்று தொடக்கூடாது என்பதால் எல்லாம் பட்டறையிலேயே இருந்தது.

மறுநாள் விடுமுறை. நான் நடந்தே மேடு ஏறிப் பட்டறைக்குப் போய், கற்பூரம் காட்டி முடித்ததும் போர்டை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குக் கிளம்பினேன். இறக்கம் தொடங்கியதும் வழக்கம் போல லேசாக பிரேக்கை இழுத்தேன். பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். 'டிக்' என்று காலுக்கு அடியில் ஒரு சத்தம். அப்புறம் பிரேக் இல்லை. ரிமோட்டில் கட்டைவிரல் முழுக்கப் பின்னால்தான் இருந்தது. பலகை மட்டும் வேகமாகிக்கொண்டே போனது.

அந்த இறக்கத்தின் முடிவில் மெயின் ரோடு. மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸும் லாரியும் நிற்காமல் ஓடுகிற ரோடு. அதற்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப் பக்கம், ஓர் அக்கா ஹாலோ பிளாக் போடுகிற களம் வைத்திருக்கிறார். வாசலில் எப்போதும் எம்-சாண்ட் மணல் குவிந்து கிடக்கும். உடம்பைச் சாய்த்துப் பலகையை அந்தப் பக்கம் திருப்பி, மணலுக்குள் விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. நெற்றியில் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்று. மணல் அன்றைக்கு இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

அந்த அக்கா ஓடி வந்து வாயில் இருந்த மணலைத் துடைத்துவிட்டு முதலில் கேட்டது, "ஏனுங் டீச்சரு, இந்தக் கெரகத்துக்கு பிரேக்கு கிரேக்கு இல்லீங்களா?" என்றுதான். இருக்கிறது, போட்டேன், பிடிக்கவில்லை என்றேன். அன்று முதல் இன்று வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். எல்லாப் போட்டோவையும் அனுப்பச் சொன்னார்கள். பூஜைப் போட்டோ உட்பட அனுப்பினேன், ஒளிக்க என்ன இருக்கிறது? போர்டை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். கொஞ்ச நாளில் திரும்பி வந்தது, ஓர் அறிக்கையோடு. உட்புறத்தைத் திறந்து பரிசோதித்தோம், தண்ணீர் புகுந்த அடையாளம் இருக்கிறது, வாடிக்கையாளர் சடங்குக்காகக் கழுவியிருக்கிறார், பிரேக் நல்ல நிலையில் உள்ளது, ஓட்டியவர் பிரேக் போடவில்லை. அதாவது பிரேக்கும் நன்றாக இருக்கிறதாம், தண்ணீராலும் கெட்டுவிட்டதாம். இரண்டும் எப்படி ஒரே போர்டில் இருக்கும் என்று அதை எழுதியவருக்கே தோன்றவில்லை.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. கணவர் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பையன் இங்கிலீஷும் தமிழுமாகப் பொரிந்து தள்ள, இவர் "சரிங்க, நல்லதுங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் நான் கத்தினேன்.

"பொண்டாட்டிக்குப் பிரேக் போடத் தெரியலைங்கறான். அதுக்கு என்னத்துக்குங்க நல்லதுங்கறீங்க?"

"பாவம், சம்பளத்துக்கு வேலை செய்யற புள்ள. அவங்கிட்டச் சண்டை போட்டு என்ன ஆகப் போவுது அம்மணி?"

நான் அவர்களுடைய வெப்சைட்டில் போர்டு விற்கிற பக்கத்திலேயே நடந்ததை எழுதினேன். அதற்குக் கீழே, உலகமே பார்க்கிற மாதிரி, கம்பெனி பதில் போட்டது. சடங்குக்காகத் தண்ணீரில் கழுவியவர், பிரேக் போடாமல் விழுந்தவர், எங்கள் மேல் பழி போடுகிறார் என்று. அந்தப் பதில் இன்னமும் அங்கே இருக்கிறது.

அது ஒரு பெற்றோர் கண்ணில் பட்டது. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி, அவரைக் குறை சொல்லவில்லை.

"நான் உங்களை நம்பலைன்னு சொல்லலீங் டீச்சர். ஆனா பெத்தவங்க கேக்கறாங்களே. பிரேக் போடத் தெரியாதவங்ககிட்ட எப்படிப் புள்ளைய அனுப்பறதுன்னு கேக்கறாங்க. கொஞ்ச நாளைக்கு ஸ்கேட்டிங் கிளாஸை நிறுத்தி வைக்கலாமுங்களா?"

நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வலி எனக்குப் பெரிதில்லை. வருஷக் கணக்காகப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லித் தருவது ஓடுவதை அல்ல, நிற்பதை. நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓடவே விடுவேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து நிற்கத் தெரியாதவள் என்றால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. நான் உண்மையிலேயே இழுத்தேனா? பதற்றத்தில் முன்னால் தள்ளிவிட்டேனா? தூங்குகிற நேரத்தில்கூட கட்டைவிரல் தானாகப் பின்னால் மடங்கும்.

ஒரு நாள் காலையில் போர்டை இடது கையில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "இதத் திறக்கோணுமுங்க" என்றேன்.

கணவருக்கு இரும்பு என்றால் தண்ணி பட்ட பாடு. எலக்ட்ரானிக்ஸ் என்றால் ஆகாது. எனக்கு இரண்டுமே தெரியாது, வாய் மட்டும் தெரியும். என் கை இன்னும் மாவுக்கட்டில், அதனால் அவர் கை, என் வாய். இப்படித்தான் வேலை தொடங்கியது.

போர்டைக் கவிழ்த்து மேஜை மேல் போட்டார். எல் வடிவத்தில் ஆலன் கீ என்று ஒன்று உண்டு. அதை ஸ்க்ரூவின் தலையில் உள்ள ஆறு பட்டைக் குழிக்குள் விட்டுத்தான் திருக வேண்டும். முதல் ஸ்க்ரூவில் வைத்தார். போகவில்லை. குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அம்மணி, இங்க வா. நான் வெச்ச சந்தனம் அப்படியே இருக்குது."

பார்த்தேன். குழிக்குள் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் குங்குமம், கொஞ்சம் வெளிறி. அடுத்த ஸ்க்ரூ, அதுவும் அப்படியே. விழுந்தபோது மூடியின் ஓரம் தேய்ந்த இடத்தில் மேலே வழிந்த சந்தனம் போயிருந்தது. ஆனால் குழிக்குள் இருந்தது ஒன்றுகூடக் கலையவில்லை. கீ உள்ளே போனால் அது தூளாகிவிடும். கீ போகாமல் மூடி கழலாது. மூடி கழலாமல் உள்ளே பார்க்க முடியாது.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அவர் ஊசியை எடுத்துச் சந்தனத்தைக் குடையப் போனார். "கைய வெக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் ஊசி கீழே விழுந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பக்கத்தில் போய்ப் போட்டோ எடுத்தேன். அதன் பிறகுதான் தொட விட்டேன்.

திறந்தோம். உள்ளே சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. துரு இல்லை, வெள்ளை உப்புப் படிவு இல்லை, ஒரு சொட்டு ஈரத்தின் தடம் இல்லை. மூடியின் மூலையில் கொஞ்சம் மண்ணும் செத்துப்போன ஒரு கட்டெறும்பும் இருந்தன. ஒயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார், எதுவும் லூஸ் இல்லை. கருகல் நாற்றம் இல்லை. விழுந்ததில் பின்பக்க அச்சு லேசாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக லேத்தில் வேறு ஒன்றைக் கடைந்து கொடுத்தார். பேரிங்கில் மணல் போயிருந்தது, புதிதாக வாங்கி மாற்றினோம். விரிசல் விட்ட மூடிக்கு அலுமினியத் தகடு வெட்டி ஒட்டுப் போட்டார்.

அடுத்து ரிமோட். அதன் திருகு தானாக நடுவுக்குத் திரும்புகிறதா, திரும்பியது. அதற்குச் சார்ஜ் இருக்கிறதா, இருந்தது. பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து அமுக்கினாலும் போர்டு கேட்கிறதா, கேட்டது. இரண்டு ஸ்டூல் மேல் போர்டைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு பிரேக் போட்டேன், இடது கையால். டக்கென்று நின்றது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் நின்றது.

எல்லாம் நன்றாக இருந்தால், கெட்டுப்போனது யார்?

ஆள் ஏறாமல் பார்த்தால் தெரியாது, பாரம் வைத்துப் பார்ப்போம் என்றேன். ஹாலோ பிளாக் அக்காவிடம் போய் ஒரு மூட்டை மணல் கேட்டேன். "உழுந்த மணலயே எடுத்துட்டுப் போறீங்களாக்கு?" என்று கேட்டுவிட்டுத் தானே அள்ளிக் கட்டிக் கொடுத்தார். கணவர் மூட்டையைப் போர்டில் வைத்துக் கட்டி, பின்னால் கயிறு போட்டு அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார். மேட்டின் உச்சியிலிருந்து மெதுவாக இறக்கினோம். நான் ரிமோட்டோடு பக்கத்தில் நடந்தேன். பிரேக்கை இழுத்தேன். நின்றது. மேலே கொண்டுபோய் மறுபடி இறக்கினோம். நின்றது. வெயில் ஏறுகிற வரை செய்தோம். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கணவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கோவிச்சுக்காத அம்மணி. ஒருவேளை அன்னைக்கு வெரலு வழுக்கியிருக்குமோ என்னமோ."

கம்பெனிக்காரன் சொன்னபோது கோபம் வந்தது. இவர் சொன்னபோது கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒற்றைக் கையால் சோறு ஆக்கினேன், பரிமாறினேன். அவர் ரசத்தில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. பள்ளியில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் நான் என்ன செய்வேன்? எப்படி விழுந்தாய் என்று கேட்க மாட்டேன். அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி மறுபடி செய்யச் சொல்வேன். கால் எங்கே தப்புகிறது என்று அப்போது தெரிந்துவிடும். போர்டுக்கு அதை நான் செய்யவில்லையே? அன்றைக்கு நடந்த மாதிரி எதையுமே செய்யவில்லையே?

மறுநாள் காலையில் அவரிடம் சொன்னேன். "பூஜை அன்னைக்கு என்னென்ன பண்ணுனீங்களோ அத்தனையும் பண்ணோணும்."

"சந்தனமுமா?"

"சந்தனமும்."

"எலுமிச்சம்பழம்?"

"அதுவும்தான்."

அவர் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். ஈரத்துணியால் துடைத்தார். ஸ்க்ரூவுக்குச் சந்தனம் வைத்தார். பச்சை விளக்கு எரிகிற வரை சார்ஜ் போட்டார். பழத்தை நசுக்கினார். பட்டறைக்கு ஜாப் கொடுக்க வந்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜை போய் எத்தனை நாளாச்சு என்று கேட்டார். "இவங்களுக்கு மட்டும் தனியாங்க" என்றார் கணவர்.

வந்தவர் கையில் என் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டி உச்சியிலிருந்து இறக்கினோம். கொஞ்ச தூரம் போனதும் பிரேக்கை இழுத்தேன். பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

'டிக்.'

அதே சத்தம். போர்டின் விளக்கு அணைந்தது. கயிறு கணவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. மணல் மூட்டை மேட்டுச் சாலையில் தனியாகப் போகிறது, அதற்குப் பின்னால் என் கணவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். "ஏனுங், நில்லுங்க! நில்லுங்க!" என்று மூட்டையைப் பார்த்துக் கத்துகிறார். போர்டு பள்ளத்தில் ஏறி இறங்கித் திரும்பி, அதே களத்து வாசலில், அதே மணலில் போய் முட்டி நின்றது. உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங், கடன் வாங்குன மணலத் திருப்பிக் குடுக்கறதுக்கு இப்படியா அனுப்புவாங்க?"

நான் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. என் விரல் வழுக்கவில்லை. நான் பிரேக் போட்டேன். கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். கயிறு உரசி உள்ளங்கை சிவந்திருந்தது. "நான் சொன்னது தப்பு அம்மணி" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் காரணம் தெரிய வேண்டுமே. சந்தனமா, எலுமிச்சையா, சார்ஜா? ஒவ்வொன்றாக விலக்கினோம். கொஞ்ச நேரம் ஓட்டிச் சார்ஜைக் குறைத்துவிட்டு, சந்தனமும் எலுமிச்சையும் அப்படியே இருக்க இறக்கினோம், பிரேக் பிடித்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சார்ஜ் மட்டும் முழுக்க ஏற்றி இறக்கினோம். இந்தத் தடவை கயிற்றைப் பட்டறைத் தூணில் கட்டியிருந்தோம். 'டிக்'. விளக்கு அணைந்தது.

சார்ஜ்தான்.

இந்த மாதிரிப் போர்டில் சைக்கிள் போல பிரேக் கட்டை கிடையாது. மோட்டாரே பிரேக். பிரேக் போட்டால் மோட்டார் கரண்டை உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அதில்தான் வேகம் குறையும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்தக் கரண்ட் எங்கே போகும்? கணவர்தான் பட்டென்று சொன்னார்: "நம்ம ஊட்டு டேங்குல ஃப்ளோட் சுவிட்சு இருக்குதுல்ல? தொட்டி நெறஞ்சா மோட்டார ஆஃப் பண்ணுமே, அந்த மாதிரியாட்ட இருக்குது." அதேதான். நிறைந்த பேட்டரி கெட்டுவிடக் கூடாது என்று அதற்குள் இருக்கிற காவல் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. டேங்க் மோட்டார் நின்றால் ஒன்றும் ஆகாது. இங்கே மோட்டார் நின்றால் பிரேக்கும் போய்விடும். பேட்டரியைக் காப்பாற்றிவிட்டு ஆளை விட்டுவிடுகிற ஏற்பாடு. அப்புறம் இணையத்தில் தேடினால், வெளிநாட்டில் இதே போல விழுந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். செய்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது.

தினமும் நான் காலையில் மேடு ஏறிப் போவதால் சார்ஜ் கொஞ்சம் இறங்கிவிடும், சாயங்காலம் இறங்கும்போது பேட்டரியில் இடம் இருக்கும். அதனால் அதுவரை தப்பித்தேன். அன்றைக்கு மட்டும், பூஜை வழக்கப்படி நிறைத்து வைத்த போர்டை, உச்சியிலிருந்து நேராக இறக்கினேன். எது குறையாக இருக்கக் கூடாது என்று என் கணவர் பார்த்துப் பார்த்து நிறைத்தாரோ அது கொஞ்சம் குறையாக இருந்திருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். இது தெரியாமல் நாங்கள் செய்தது. ஆனால் உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது? ஒவ்வொரு தடவையும் முழுக்க சார்ஜ் செய்துவிட்டு ஓட்டுங்கள் என்று. நிறைந்த பேட்டரியோடு நேராக இறக்கத்தில் போகாதீர்கள் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது போர்டு ஓடுகிறது. பச்சை விளக்கு வருவதற்கு முன்பே சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன். இந்த வகைப் போர்டு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அப்படியே செய்யுங்கள். மேட்டில் குடியிருப்பவர்கள் கட்டாயம் செய்யுங்கள். மணிக்கட்டு கூடிவிட்டது. மழை வந்தால் மட்டும் சொல்லும்.

எடுத்த வீடியோவைத் தலைமை ஆசிரியையிடம் காட்டினேன். மூட்டைக்குப் பின்னால் என் கணவர் ஓடுகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சொன்னார்: "நான் நம்பறனுங் டீச்சர். ஆனா அவங்க எழுதுனது அங்கயே இருக்குதே. புதுசா ஒரு அப்பா அம்மா தேடுனா அதுதானே கண்ணுல படும்? அதை அவங்களே மாத்தி எழுதட்டுமுங்க. மாத்துனா அடுத்த சனிக்கிழமையே கிளாஸ் வெச்சுக்கலாம்."

சந்தனம் கலையாத போட்டோக்கள், வீடியோ, எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. புதுப் போர்டு தருகிறோம், நீங்கள் எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். இந்தத் தடவையும் போனைக் கணவர்தான் எடுத்தார். "வேண்டாமுங்க" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல் வெளியாளிடம் வந்து நான் கேட்டதே இல்லை. "என்ற சம்சாரம் பிரேக்குப் போட்டாங்க. அத எழுதுங்க, போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வருஷா வருஷம் அவர் பொட்டு வைப்பதைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு என்று கேலி செய்தவள் நான். இப்போது போர்டைக் கவிழ்க்கும்போதெல்லாம் அந்தக் குழிகளில்தான் என் கண் போகிறது. யாரும் என்னை நம்பாத நாட்களில், என்னையே நான் நம்பாத நாட்களில், எனக்காக அசையாமல் இருந்த ஒரே சாட்சி அது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். புதுப் போர்டு வேண்டாம், சமாதானப் போன் வேண்டாம். அந்த மூடியைக் கழற்றினீர்களா, இல்லையா? கழற்றினீர்கள் என்றால், குழிக்குள் இருந்த சந்தனம் கலையாமல் எப்படிக் கழற்றினீர்கள்? என்னை நிற்கத் தெரியாதவள் என்று எந்தப் பக்கத்தில் எழுதினீர்களோ அதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி, பதில் எழுதுங்கள். என் பிள்ளைகள் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள்.